இடிக்கவா, விடவா? ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளின் தலையெழுத்து!

வெளியே பார்த்தால் கடை. உள்ளே நுழைந்தால் கிடங்கு. கிடங்கைத் தாண்டினால் முற்றம். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தேக்குத் தூணும், பூ வேலை செய்த உத்திரமும்!

சென்னை ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, பவழக்காரத் தெரு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. நூறு வயசைத் தாண்டியவை. சிலவற்றின் சுவரில் அரச மரம் முளைத்திருக்கிறது. சிலவற்றின் முன்னால் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். தகரம் அடித்தால் அப்புறம் என்ன நடக்கும் என்பது அந்தத் தெருவில் கைவண்டி இழுப்பவருக்குக்கூடத் தெரியும்.

ஒரே தெரு. ஒரே வயசு. அடுத்தடுத்த இரண்டு வீடுகள். ஒன்று நிற்கிறது. இன்னொன்று போய்விடுகிறது. ஏன்? கிழடு தட்டிப் போனதாலா?

இல்லை. எல்லாம் கணக்கு!

அந்த விவரம் வருமாறு:-

முற்றத்தில் மூட்டை!

இந்த வீடுகள் கடைக்காகக் கட்டியவை அல்ல. துபாஷிகளும் செட்டியார்களும் நாயக்கர்களும் முதலியார்களும் குடியிருந்த வீடுகள். தெருப் பெயர்களே சாட்சி. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணறு, மாடியில் அறைகள்.

துறைமுகமும் வியாபாரமும் பெருகப் பெருக, வசதி படைத்தவர்கள் மயிலாப்பூர், எழும்பூர், கீழ்ப்பாக்கம் என்று கிளம்பிப் போனார்கள். வீடுகள் காலியாகவில்லை. திண்ணையில் பலகை போட்டுக் கடை வைத்தார்கள். முற்றத்தில் மூட்டை அடுக்கினார்கள். மாடி அறைகளில் கணக்குப் பிள்ளைகளும், வெளியூரிலிருந்து சரக்கு வாங்க வந்தவர்களும் பாய் விரித்தார்கள்.

இன்றைக்கு ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். நைனியப்ப நாயக்கன் தெரு என்றால் ரசாயனம். ராசப்ப செட்டித் தெரு என்றால் நாட்டு மருந்து. கோடவுன் தெரு என்றால் ஜவுளி. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாசனை. கண்ணைக் கட்டி விட்டால்கூட ராசப்ப செட்டித் தெருவைக் கண்டுபிடித்து விடலாம்!

பழைய கட்டிடத்தை இடிக்காமல் புது வேலைக்கு மாற்றுவதைப் பற்றி இப்போது பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். ஜார்ஜ் டவுன்காரர்கள் மாநாடு போடாமலேயே அதைச் செய்து முடித்து விட்டார்கள். என்ன, அழகு பார்த்துச் செய்யவில்லை. தூணில் ஆணி அடித்தார்கள். முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டார்கள். ஆனால் வீடு நின்றது!

கடுக்காயும் வெல்லமும்!

இந்த வீடுகளின் மாடித் தளம் தனி ரகம். 'மெட்ராஸ் டெரஸ்' என்று ஊர் பெயரையே வைத்து விட்டார்கள்.

தேக்குக் கட்டைகளை நெருக்கி நெருக்கி வரிசையாகப் போடுவார்கள். பெரும்பாலும் பர்மா தேக்கு. அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைக்கு மூலை சாய்வாக, சுண்ணாம்புக் காரை வைத்துப் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேரும். கடைசியில் தட்டோடு. கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. வெயில் காலத்தில் கீழே குளுகுளு என்று இருக்கும்.

ஆனால் இதற்கு ஒரு எதிரி உண்டு. தண்ணீர்!

மழைத் தண்ணீர் போகும் குழாய் குப்பையால் அடைபட்டால் போதும். தட்டோட்டின் இடுக்கு வழியே ஈரம் இறங்கும். முதலில் சுண்ணாம்பு இளகும். அப்புறம் சுவருக்குள் சொருகியிருக்கும் கட்டையின் நுனி உளுக்கும். அந்த நுனி போனால் கட்டையே தொங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதிலே இன்னொரு கூத்து. சுவர் உதிர்கிறதே என்று நல்ல எண்ணத்தோடு சிமெண்டு பூசுகிறவர்கள் பலர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், பிறகு வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு பூக்கும். பூசியது பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். கூடவே பழைய செங்கல்லையும் பிடுங்கிக்கொண்டு வரும். நோயாளிக்கு மருந்து என்று நினைத்து விஷம் கொடுத்த கதைதான்.

அரச மரமும் அப்படியே. வருஷா வருஷம் மேலே வெட்டுகிறார்கள். வேர் உள்ளேயே இருக்கிறது. அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கிறது.

இதையெல்லாம் சரி செய்ய முடியாதா? முடியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரிகள் குறைந்து போனாலும் இன்னும் இருக்கிறார்கள். பிறகு ஏன் செய்வதில்லை? அங்கேதான் வருகிறது கணக்கு.

ரிப்பேர் செய்தால் நஷ்டம், இடித்தால் லாபம்!

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மாதம் 300 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்தில் பேசிய வாடகை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அங்கே நிற்கிறது. வருஷத்துக்கு 3,600 ரூபாய். மாடி ஒழுகுகிறது. தேக்குக் கட்டை மாற்ற வேண்டும். சில லட்சம் ஆகும். போட்ட பணம் திரும்பி வர எத்தனை வருஷம்? பேரனுக்குப் பேரன் வர வேண்டும்!

"வாடகை வாங்குறது காபி செலவுக்கே காணாது, இதுல ரிப்பேர் வேறயா?" இது வீட்டுக்காரர்கள் கட்சி.

"பகடிப் பணம் குடுத்து உள்ள வந்தோம். மூணு தலைமுறையா இதே வாசல். இத விட்டா எங்க போறது?" இது கடைக்காரர்கள் கட்சி.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். மொத்த வியாபாரிக்கு வாசல்தான் முதல். நெல்லூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சரக்கு எடுக்க வருகிறவர் அந்த வாசலைத்தான் தேடி வருவார். கடை நாலு தெரு தள்ளிப் போனால், பக்கத்துக் கடையில் எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்து விடுவார்.

இந்தச் சண்டையில் சட்டம் என்ன சொன்னது?

தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பல காலம் நடைமுறையில் இருந்தது. அதில் 14-வது பிரிவு என்று ஒன்று. அதற்கு இரண்டு கதவு.

முதல் கதவு ரிப்பேர். ரிப்பேருக்காக வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். ஆனால் வேலை முடிந்ததும் வாடகைதாரர் திரும்பி வந்து உட்காரும் உரிமை உண்டு.

இரண்டாவது கதவு, இடித்துக் கட்டுவது. இடித்து விட்டால் பழைய இடமே இல்லை. அப்புறம் திரும்பி வருவது எங்கே? அதோடு, புதுக் கட்டிடத்துக்கு 5 வருஷம் வரை வாடகைக் கட்டுப்பாடும் கிடையாது!

அதாவது, பழுது பார்த்தால் பழைய ஆளும் பழைய தலைவலியும் திரும்பி வரும். இடித்தால் இரண்டும் தீர்ந்தது. நீங்கள் வீட்டுக்காரராக இருந்தால் எந்தக் கதவைத் திறப்பீர்கள்?

இன்னொன்றும் உண்டு. ரிப்பேருக்கு முதல் நாளே கையிலிருந்து பணம் போக வேண்டும். இடிப்பதற்கு அப்படி இல்லை. இடிக்கும் கான்ட்ராக்டர்கள் தேக்குத் தூண், கதவு, உத்திரம், செங்கல் எல்லாவற்றையும் மதிப்புப் போட்டு வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்து விடுவார்கள். பர்மா தேக்குக்கு இருக்கும் கிராக்கி கொஞ்சமா? வீடு சாகும்போது அதன் எலும்புக்கு நல்ல விலை!

ஒழுகுகிற மாடியை ஒழுக விடுவது சில இடங்களில் அலட்சியம். சில இடங்களில் வேண்டுமென்றே செய்வது. 'ஆபத்தான கட்டிடம்' என்று ஒரு சான்றிதழ் கிடைத்தால் இரண்டாவது கதவு தானாகத் திறக்கும் அல்லவா? எது எங்கே என்று வெளியாளால் சொல்ல முடியாது. மழைக் காலத்தில் சுவர் இடிந்து விழும்போது கீழே இருப்பவர் மூட்டை தூக்குகிறவர் என்பது மட்டும் நிச்சயம்.

முதல் இடிப்பு!

இந்த ஊருக்கு இடிப்பு புதிசு இல்லை. இப்போது ஐகோர்ட்டு இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் பழைய ஊரே இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அந்த ஊரில் பாதியை இடித்தார்கள். திரும்பி வந்த இங்கிலீஷ்காரர்கள் மீதியை இடித்தார்கள். எதிரி வந்தால் கோட்டையிலிருந்து பீரங்கி சுட வெட்ட வெளி வேண்டுமாம்!

அங்கிருந்த சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் 1757-ல் போனது. அதற்குப் பதிலாகக் கட்டியதுதான் பூக்கடைப் பக்கம் இருக்கும் பட்டணம் கோயில். பெருமாளுக்கே மாற்று இடம் கொடுத்த ஊர் இது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கைங்கரியம்.

ஊர் வடக்கே தள்ளிப் போய்க் குடியேறியது. அதுதான் இன்றைய ஜார்ஜ் டவுன்.

மூர் மார்க்கெட்டும் கலச மகாலும்!

சர்க்கார் கட்டிடங்களுக்கு வாடகைச் சண்டை கிடையாது. அங்கே கேள்வி வேறு. அதற்கு ஒரு வேலை இருக்கிறதா?

மூர் மார்க்கெட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிராட்வே பக்கத்து வியாபாரிகளுக்காக, சென்டிரல் ஸ்டேஷனை ஒட்டி 1900-ல் திறந்த சிவப்புக் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல் எல்லாம் கிடைத்த இடம். அரை விலைக்கு வாங்கிய பாடப் புத்தகத்தில் படித்துப் பெரிய ஆள் ஆனவர்கள் சென்னையில் ஏராளம். 1985-ம் வருஷம் மே 30-ந் தேதி தீப்பிடித்தது. தீயைப் பற்றி அன்றைக்கு ஊர் பலவிதமாகப் பேசியது. மறுபடி அதை எழுப்பவில்லை. அந்த இடம் ரெயில்வேக்குத் தேவைப்பட்டது. இப்போது அங்கே புறநகர் ரெயில் நிலையம் நிற்கிறது. மூர் மார்க்கெட் என்ற பெயர் ரெயில் போர்டில் மட்டும் மிச்சம்.

சேப்பாக்கத்தில் நவாப் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி கலச மகால். சர்க்கார் ஆபீசுகள் இருந்தன. 2012 ஜனவரியில் நள்ளிரவில் தீ. கூரை போனது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரையும் கொடுத்தார். 'இடித்துவிட வேண்டியதுதான்' என்ற பேச்சு அன்றைக்கும் வந்தது. ஆனால் பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் தேக்கும் வைத்தே அதைத் திரும்பக் கட்டியது. பசுமைத் தீர்ப்பாயம் அங்கே குடிவந்தது.

இரண்டும் தீ. ஒன்று போனது. ஒன்று பிழைத்தது. கலச மகாலுக்குக் குடித்தனம் காத்திருந்தது. மூர் மார்க்கெட்டின் மனைக்குத்தான் ஆள் காத்திருந்தது.

படித்த இடத்திலேயே கோர்ட்டு!

பாரிமுனையில் ஐகோர்ட்டை ஒட்டி நிற்பது பழைய சட்டக் கல்லூரி. 1899-ல் கட்டியது. ஹென்றி இர்வின் கைவண்ணம். தமிழ்நாட்டின் பெரிய பெரிய வக்கீல்கள், மந்திரிகள், நீதிபதிகள் எல்லாம் அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள்.

2008 நவம்பரில் கல்லூரி வளாகத்துக்குள் மாணவர்களுக்குள் நடந்த பயங்கர மோதலை நாடே டெலிவிஷனில் பார்த்தது. விசாரணைக் கமிஷன் கல்லூரியை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னது. 2018-ல் மாணவர்கள் ஊருக்கு வெளியே பட்டரைப்பெரும்புதூர், புதுப்பாக்கம் என்று பிரித்து அனுப்பப்பட்டார்கள். போராட்டமும் நடந்தது.

கட்டிடம் காலி. பாரிமுனையில் காலிக் கட்டிடம் என்றால் சொல்ல வேண்டுமா? பூட்டிப் போட்டு, புறா அடைந்து, பத்து வருஷம் கழித்துத் தகரம் அடிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பக்கத்து வீட்டுக்காரரான ஐகோர்ட்டுக்கு இடம் போதவில்லை. பழுது பார்த்து, 2024 ஜனவரியில் ஐகோர்ட்டுக்கே கொடுத்து விட்டார்கள். சட்டம் படித்த கூடத்திலேயே வழக்காட வழி பிறந்தது!

இடம் பறிபோன மாணவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆறுதல் இல்லை. கட்டிடத்துக்கு யோகம்.

விளம்பரப் பலகை காப்பாற்றியது!

மவுண்ட் ரோட்டில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தின் கதைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் சம்பந்தம் உண்டு. 1897-ல் ஒரு மருந்து வியாபாரி கட்டிய கூம்புக் கோபுரக் கட்டிடம் அது. 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனிகளை சர்க்கார் எடுத்தபோது 1956-ல் எல்.ஐ.சி. கைக்குப் போனது. 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பழமைச் சின்னங்களுக்காகப் பாடுபடும் 'இன்டாக்' ஐகோர்ட்டுக்கு ஓடியது. தடை விழுந்தது.

2010 ஏப்ரலில் தீர்ப்பு. இடிக்கக் கூடாது என்பதோடு ஐகோர்ட்டு நிற்கவில்லை. நீதிபதி பத்மநாபன் கமிட்டிப் பட்டியலில் உள்ள நானூறுக்கு மேற்பட்ட கட்டிடங்களும் காப்பாற்றப்பட வேண்டும் என்றது. ஜார்ஜ் டவுன் கட்டிடங்கள் பலவும் அதில் அடக்கம்.

அந்தப் பட்டியல் வந்த விதம்தான் வேடிக்கை. கட்டிடங்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட பட்டியல் அல்ல அது. விளம்பரப் பலகைகள் எந்த எந்தக் கட்டிடத்தை மறைக்கக் கூடாது என்று பார்ப்பதற்காகப் போட்டது! பலகைக்குப் போட்ட பட்டியல் கட்டிடத்துக்குக் கவசம் ஆனது.

இதற்கென்று தனிச் சட்டம் இல்லையா? இருந்தது. பாரம்பரியச் சின்னங்களுக்கு ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-லேயே சட்டசபையில் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆனது. 12 வருஷம்!

பட்டியலில் பெரிய கட்டிடங்கள் ஏறிவிட்டன. தம்பு செட்டித் தெருவில் மூட்டை அடுக்கிய முற்றத்து வீடுகளில் பெரும்பாலானவை ஏறவில்லை. கோபுரம் இல்லை, கூம்பு இல்லை, கட்டிய வெள்ளைக்காரர் பெயரும் இல்லை. யார் எழுதுவார்கள்?

கொத்தவால் சாவடி போனது போல...

அந்த வீடுகளைக் காப்பாற்றுவது பட்டியல் அல்ல, வியாபாரம். மூட்டை இருக்கும் வரை முற்றம் இருக்கும். மூட்டை போய்விட்டால்?

1996-ல் கொத்தவால் சாவடி காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. போக வேண்டியதுதான். விடியற்காலை லாரிகளும் சேறும் நெரிசலும் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2002-ல் வெளியூர் பஸ்களும் பிராட்வேயை விட்டுக் கோயம்பேடு போயின. ஜார்ஜ் டவுன் இரண்டு அடியையும் தாங்கியது. காய்கறி போன இடத்தில் வேறு சரக்கு வந்து உட்கார்ந்தது. 2019 பிப்ரவரியில் பூமிக்கடியில் மெட்ரோ ரெயிலும் வந்துவிட்டது. மண்ணடியில் ஒரு ஸ்டேஷன், ஐகோர்ட்டில் ஒரு ஸ்டேஷன்.

ரெயில் வந்தால் மனை விலை ஏறும். மனை விலை ஏறினால் பழைய கணக்கு இன்னும் மோசமாகும்.

ரசீது மட்டும்தான்!

அதே 2019 பிப்ரவரியில் 1960-ம் வருஷச் சட்டமும் போய்விட்டது. புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் ஜார்ஜ் டவுனில் அப்பா காலம், தாத்தா காலம் என்று வாய்ப் பேச்சிலேயே ஓடிய கடைகள் எத்தனையோ. அவர்கள் கையில் இருப்பதெல்லாம் மஞ்சள் பூத்த வாடகை ரசீது. 'புது ஒப்பந்தம் போடலாம், புது வாடகை கொடு' என்கிறார் வீட்டுக்காரர். கொடுத்தால் கட்டுப்படியாகாது. கொடுக்காவிட்டால் கோர்ட்டு.

வாடகை வழக்குகளை விசாரிக்கும் சிறு வழக்குக் கோர்ட்டு ஐகோர்ட்டு வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. தம்பு செட்டித் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். வாய்தா நாளில் கடைக்காரர் கடைப் பையனை உட்கார வைத்துவிட்டுக் கிளம்புகிறார். வீட்டுக்காரரும் கைப்பையில் பத்திரங்களோடு வந்து சேர்கிறார். வாசலில் பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொள்வது வழக்கம். மூன்று தலைமுறைப் பழக்கம் ஆயிற்றே!

வாய்தா தள்ளிப் போகிறது. மாடியில் அரச மரம் இன்னொரு இலை விட்டிருக்கிறது. வடகிழக்குப் பருவ மழைக்கு முன்னால் அந்தத் தண்ணீர்க் குழாயின் அடைப்பை யார் எடுப்பது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.